கொழுந்துத் தராசில் ஒரு குழந்தை

குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கும் சூப்பிப் போத்தல் அடுப்பில் கொதிப்பதைக் கண்டதும் லூசியா ஓடிவந்தாள்.

“மதினி... யாருக்கு அது?”

“நானா குடிக்கப் போறேன்? ஒம் புள்ளைக்குத்தான்!” என்றாள் நாத்தனார் மரிய கொறற்றி. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பதிலும் சரி, வாயடிப்பதிலும் சரி, அவளை மிஞ்ச ஆளில்லை.

எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து, இரண்டு கிலோ ஆனதும் வீட்டுக்கு விட்டார்கள். “தாய்ப்பால் மட்டும் குடு” என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். மூன்று வாரமாக லூசியாவும், குடிக்கும்போதே தூங்கிவிடுகிற பிள்ளையின் உள்ளங்காலைச் சுரண்டிச் சுரண்டி ஊட்டினாள். தன் தூக்கத்தையே மறந்துவிட்டாள், பாவம்!

“நேத்து நீ துணி தொவைக்கப் போனப்ப மடுவத்துக்குத் தூக்கிட்டுப் போயி கொழுந்துத் தராசுல நிறுத்தேன். கணக்கப்புள்ள ஒன்றரை கிலோன்னுட்டாரு! ஒம் பாலு பத்தலடி... புள்ளைய கொன்னுறாத!” கொறற்றி மூக்கைச் சிந்தினாள்.

லூசியா புருஷனைப் பார்த்தாள். ரபாயேல் கூரைத் தகரத்தைப் பார்த்தான்.

“அக்கா சொன்னா...”

“நீங்களுமா?”

கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, பிள்ளையை வாரிக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு ஓடினாள். பின்னாலேயே கொறற்றி, அவள் பின்னால் ரபாயேல்.

“எங் கண்ணு முன்னால நிறுங்கய்யா!” என்றாள் லூசியா.

கணக்கப்பிள்ளை செல்லச்சாமி பிள்ளையை, கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் வைத்துத் தராசில் தொங்கவிட்டார். “ஒன்றரை” என்றார்.

ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் லூசியா. “முள்ளு ரெண்டரையில நிக்குதே!”

“நிக்கட்டும். மழைக் காலம். ஈரத்துக்கு ஒரு கிலோ கழிக்கணும்ல?”

 கொழுந்து நிறுக்க வந்திருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செல்லச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“பழக்க தோசம்...”

“பத்து வருசமா எங் கொழுந்துல கழிச்சீரு, பொறுத்தேன்! எம் மருமகன்லயுமா?” என்று பாய்ந்த கொறற்றி, சட்டென்று திரும்பி லூசியாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “ஒன்னயப் போயி... மன்னிச்சிரு தாயி!”

லூசியாவுக்கும் அழுகை பொங்கியது. அரைக் கிலோ! தன் பாலில் ஏறிய அரைக் கிலோ!

“அப்பறம் அழுவோம் மதினி. புள்ளைக்குப் பசிக்குது.”

கொழுந்துச் சாக்கின்மேல் அங்கேயே உட்கார்ந்தாள். கொறற்றி முந்தானையை விரித்து மறைப்புக் கட்டி நின்றாள்.

“என்ன பார்வ? அந்தப் பக்கம் திரும்புங்க எல்லாரும்!”

செல்லச்சாமி திரும்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று ரபாயேலும் திரும்பிக்கொண்டான்.