மூன்றாம் தொட்டிலின் மூச்சு

குழந்தை இறந்து நாற்பது நிமிடம்வரை அது மூச்சுவிடுவதாகவே கருவி காட்டியிருந்தது. அந்தப் பதிவுத்தாளை ருவகாராவின் மேசையில் வைத்தபோது, கருவியைச் செய்த அதுஹைரே அழவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். கொடுத்த கம்பங்கூழையும் தொடவில்லை.

ருவகாரா, ரேடியோ அலைவரிசை ஆய்வாளராக இருந்து ம்பராரா நகரில் ஓய்வுபெற்றவர். இப்படிப்பட்ட விசாரணைகளுக்கு அவருக்குத் துணையாகப் போகும் கியோமுகிஷா ரேடியோ பழுதுபார்ப்பவள். கேட்டு முடிப்பதற்குள் கருவிப்பையைத் தோளில் மாட்டிவிட்டாள்.

அதுஹைரே செய்தது தீப்பெட்டியளவு ஆன்டெனா. அகன்ற அலைவரிசையில் மெல்லிய அலைகளை அனுப்பி, சிசுவின் நெஞ்சசைவை அது கண்டுகொள்ளும். வைஃபையும் அதே வரிசையின் நடுவில்தான் இருக்கிறது. அதை மட்டும் வெளியே நிறுத்த, செப்புத் தகட்டில் மயிரிழை அகலத்துக்கு வளைந்த பிளவு ஒன்றை வெட்டியிருந்தாள். மருத்துவமனையில் பன்னிரண்டு தொட்டில்களின் மேலும் ஒவ்வொன்றாக இக்கருவி பொருத்தப்பட்டிருந்தது. பதினொன்று சரி; குழந்தை இறந்த மூன்றாம் தொட்டிலின் கருவி மட்டும் தவறியது. அப்போது பணியிலிருந்த தாதி தூங்கிவிட்டாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

வைஃபை பெட்டியை யாரோ நகர்த்தியிருக்க வேண்டும் என்றாள் கியோமுகிஷா. அது மூன்று மாதமாக ஒரே இடத்தில், மூன்றாம் நான்காம் தொட்டில்களுக்குச் சமதூரத்தில் இருந்தது. நான்காவது கருவியில் குறையே இல்லை. பழுதான கருவி முத்திரையிடப்பட்டு மேலாளரின் அலமாரியில் கிடந்தது. கைப்பற்றியபோது எடுத்த படங்களை மட்டும் காட்டினார்கள்.

பராமரிப்பாளர் முஹ்வேசியிடம் ருவகாரா பேச்சுக் கொடுத்தார். குழந்தை இறப்பதற்குச் சில நாள் முன்பு சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது அந்தக் கருவி விழுந்ததாம்.

“திறந்து பாத்தேங்கய்யா. ஒரு விரிசலத் தவிர ஒண்ணும் ஆகல.”

மறுநாள் காலை மேலாளரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். ருவகாரா குரலை உயர்த்தவில்லை.

“படத்துல பாத்தேன். பெட்டியில ஒரு கீறல்கூட இல்ல. அப்ப நீங்க பாத்த விரிசல் எங்க இருந்துச்சு?”

“உள்ள, செப்புத் தகட்டுல. வளைஞ்சு இருந்துச்சு.”

“அத என்ன பண்ணீங்க?”

“ஈயம் வச்சு அடைச்சேன்.”

முத்திரையை உடைத்தார்கள். பிளவு முழுவதும் ஈயம் பளபளத்தது. சுத்தமான வேலை என்று கியோமுகிஷா தன்னையறியாமல் முணுமுணுத்தாள். பிளவு மூடியதும் வைஃபை உள்ளே நுழைந்துவிட்டது. அதன் இரைச்சலைக் கருவி மூச்சென்று எண்ணிக்கொண்டது. அதனால்தான் மணி அடிக்கவில்லை என்று விளக்கினார் ருவகாரா.

முஹ்வேசி அதுஹைரேயிடம் திரும்பினார். “அது விரிசல் இல்லன்னு எங்கயாவது எழுதியிருந்துச்சாம்மா?”

“இல்ல,” என்றாள் அதுஹைரே. மேலாளர் பக்கம் திரும்பினாள். “நான் எழுதி வைக்கல. அதையும் அறிக்கையில சேருங்க.”

தாதியை அன்றே திரும்ப அழைத்தார்கள். மற்றப் பதினொரு பெட்டிகளிலும் அதுஹைரே எச்சரிக்கை எழுதி ஒட்டினாள். பிறகு முஹ்வேசியோடு குழந்தையின் தாயைப் பார்க்கப் போனாள்.

தாய் மத்தோக்கே மசியலுக்கு வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

“இப்ப நான் யாரத் திட்டணும்?”

“என்னை,” என்றார் முஹ்வேசி. அதுஹைரேயும் அதையே சொன்னாள்.

தாய் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அடுத்த காயை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.