வெயில் படாத கை

பொருநை ஆறு மலையை விட்டிறங்கி முதன்முதலாக நிதானங்கொள்ளும் இடத்தில், பாதி நீருக்குள் இறங்கியும் பாதி கரையில் நின்றும், குளிக்கத் தயங்கும் யானையைப் போலக் கிடந்தது கொற்றைமங்கலக் கோட்டை. பங்குனி மாதம், நிறைமதிக்கு முந்திய நாள். மேற்கு மலைகளுக்குப் பின்னால் கதிரவன் முழுவதும் மறைவதற்குள்ளாகவே கீழ்வானில் நிலவு எழுந்துவிட்டபடியால், ஆற்றின் ஒரு பாதி செம்பாகவும் மறுபாதி வெள்ளியாகவும் ஓடியது. மதிலின்மேல் கொடி கட்டுவோரின் கூச்சலும், யானைக்கூடத்தில் மணிகளைத் துலக்கும் ஓசையும் மறுநாள் தொடங்கவிருந்த முடிசூட்டு விழாவை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தன.

அன்பு வாசகர்களே, இத்தகைய மாலையில் படித்துறையில் தனியே அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணைக் கண்டால், காதலனுக்காகக் காத்திருக்கிறாள் என்றுதான் நமக்குத் தோன்றும். அதில் பாதி உண்மையும் இருந்தது. ஆனால் பூதி அந்நேரம் காத்திருந்தது தன் கையின் எரிச்சல் அடங்குவதற்காக. இடக்கையை முழங்கைவரை நீரில் அமிழ்த்தி வைத்திருந்தாள். வெளியே எடுத்தால், அடுப்புக்கல்லில் வைத்ததுபோல் எரிந்தது.

பூதி மஞ்சனத்து வேளத்தைச் சேர்ந்தவள். அரசகுலப் பெண்களின் நீராட்டையும் ஒப்பனையையும் கவனிக்கும் பணிப்பெண்களின் குடியிருப்புக்கு அப்பெயர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் மேல்மலை நாட்டோடு நடந்த போரில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட அவளுக்கு விசித்திரமான ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அரசர் உண்பதற்கு முன் ஒருவன் உண்டு பார்ப்பதைப் போல, அரசிளங்குமரியின் முகத்தில் ஏறும் எந்தப் பூச்சும் முதலில் பூதியின் இடக்கையில் ஏறவேண்டும். "தேறியது" என்று அவள் சொன்னால் பூசுவார்கள். அவள் சொல் பிழையானால் அந்தக் கையை வெட்டிவிடுவார்கள். பதினோரு ஆண்டுகளில் அவள் சொல் பிழைத்ததில்லை.

நேற்றுக் காலை பிழைத்துவிட்டதோ என்ற அச்சம்தான் இப்போது அவளை நடுக்கியது.

அரசிளங்குமரி நிலைநங்கைக்கு முப்பத்தாறு வயது. தந்தை நோயுற்றுக் கிடந்த இரண்டு கோடைக்காலங்கள் எல்லைப் பாசறையில் தங்கிப் படை நடத்தியதில், இரு கன்னங்களிலும் சிறகு விரித்தாற்போல் வெயிலின் பழுப்பு மங்கு படர்ந்திருந்தது. அங்கக் குறை உடையவர் முடி புனையலாகாது என்பது அந்நாட்டுப் பழஞ்சட்டம். மங்கு குறையா, நிறமா என்று அவையோர் மூன்று நாள் வழக்காடினார்கள். முடிவுதான் கிடைக்கவில்லை. முகத்தைத் தெளிவித்துவிட்டால் வழக்கே இல்லை என்று மருத்துவர்களை அழைத்தார்கள்.

மூன்று மருந்துகள் வந்தன. பூதியின் முன்கையில் செம்பஞ்சுக் குழம்பால் மூன்று கட்டங்கள் வரைந்து, கட்டத்துக்கொன்றாகப் பூசினார்கள். அரண்மனை மருத்துவரின் சந்தன, அதிமதுர லேபம் முதற்கட்டத்தில் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும் என்றார். கடல் வணிகன் ஒருவன் கொண்டுவந்த வெள்ளைச் சுண்ணம் இரண்டாம் கட்டத்தில் இரண்டே நாளில் தோலை உரித்தது; அவனை அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது, தேசாந்தரியாக வந்த கோளரி என்னும் இளம் மருத்துவனின் கருநிற எண்ணெய். மூன்றே நாளில் அந்தக் கட்டத்தின் தோல் இளங்கன்றின் காதுமடல்போல் மினுங்கியது.

வழக்கப்படி அந்தக் கையைத் துணியால் சுற்றி, நிழல் நிறைந்த மஞ்சன மாடத்திலேயே பன்னிரண்டு நாள் வைத்திருந்தாள். நாள்தோறும் கோளரி வந்து துணியை அவிழ்த்துப் பார்ப்பான். "உன் கைக்கு மட்டும் வயது குறைந்துகொண்டே போகிறது. முகம் கோபித்துக்கொள்ளப் போகிறது, பார்" என்பான். பதினோரு ஆண்டுகளாக அந்தக் கையைப் பலர் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். மெதுவாகப் பிடித்தவன் அவன் ஒருவன்தான். நேற்றுக் காலை, "மூன்றாவது தேறியது" என்று அரசிளங்குமரியிடம் சொன்னாள். துணியை அவிழ்த்தெறிந்தாள். உச்சி வேளையில் ஆள் போதவில்லை என்று அழைத்தார்கள். விழாப் பட்டுகளைக் கொடியில் உலர்த்த முற்றத்துக்குப் போனாள்.

இன்று மாலை மூன்றாம் கட்டத்தில் நெல்மணி அளவில் ஏழு கொப்புளங்கள்.

பூதி நிதானமாக எண்ணிப் பார்த்தாள். எல்லாக் கட்டங்களும் ஒரே நீரில் நனைந்தன. ஒரே பட்டைத் தொட்டன. ஒரே வெயிலில் காய்ந்தன. கட்டங்களுக்கு இடையே மருந்து படாத தோலுக்கும் ஒன்றும் நேரவில்லை. மறுபடி எண்ணினாள். எப்படி எண்ணினாலும் விடை ஒன்றாகவே வந்தது. ஆயினும் தன் கணக்கில்தான் எங்கோ பிழை இருக்கவேண்டும் என்று விரும்பினாள்.

"கையைத் தூண்டிலாகப் போட்டு மீன் பிடிப்பதை இங்கேதான் காண்கிறேன்."

மேற்படியில் கோளரி நின்றிருந்தான். நிலவொளி அவன் தோளில் விழுந்திருந்தது.

"மருத்துவருக்கு இந்நேரம் படித்துறையில் என்ன வேலை?" என்றாள் பூதி.

"நோயாளியைத் தேடி வந்தேன்."

"எனக்கு நோயில்லை."

"பின் ஏன் கையை எடுக்க மாட்டேன் என்கிறாய்?"

பூதி கையை எடுத்துக் காட்டினாள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை.

"வெயிலில் எவ்வளவு நேரம் இருந்தாய்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியிலேயே பூதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நாளை காலை தேவியின் முகத்தில் பூசுவார்கள்" என்றாள் மெல்ல. "பிறகு தேவி மூன்று நாள் திறந்த அம்பாரியில் வெயிலுக்கும் மக்களுக்கும் முகம் காட்டி வலம் வருவார்கள். நான்காம் நாள் முடிசூட்டு."

"நான்காம் நாள் அந்த முகத்தில் முடி வைக்க ஒருவனும் துணியமாட்டான்" என்றான் கோளரி. இப்போது அவன் பேச்சில் மேல்மலை நாட்டின் இழுவை இருந்தது. பதினோரு ஆண்டுகளாகப் பூதி கேட்காத இழுவை. "கார்போகரிசி என்னும் மூலிகை விதையின் நெய் அது. நிழலில் மருந்து, வெயிலில் தணல். வாரிசில்லாமல் இவர்கள் தமக்குள் அடித்துக்கொள்ளும்போது நம் படை ஆற்றைக் கடக்கும். நான் மருத்துவன்தான், பூதி. அதோடு நம் அரசரின் ஒற்றனும்கூட."

"நம் அரசர்" என்று பூதி திருப்பிச் சொன்னாள். "பதினோரு ஆண்டுகளில் எங்களை மீட்க ஓர் ஓலைகூட அனுப்பாத அரசர்."

"உன்னை நான் மீட்கிறேன். நாணல் திட்டுக்குப் பின்னால் படகு இருக்கிறது. இன்றே போய்விடலாம். நீ எப்போதும் நிழலில் இருப்பவள், உனக்கு ஒன்றும் நேராது என்று நம்பித்தான் உன் கையில் பூசினேன். இது சத்தியம்."

"உம்மை நான் நம்புகிறேன்" என்றாள் அவள். "அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. என் கையைப் பொய் சொல்ல வைத்துவிட்டு, என்மேல் இரக்கமும் காட்டுகிறீர்."

அவள் எழுந்து படியேறிப் போனாள். அவன் தடுக்கவில்லை. வாய் திறந்தால் அவளுக்குக் கை போகும். ஆகவே திறக்கமாட்டாள் என்று அவன் கணக்கிட்டிருக்க வேண்டும்.

விளக்கேற்றும் வேளையில் நிலைநங்கை தேவி கண்ணாடி மாடத்தில் தனியாக இருந்தாள். பூதி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, இடக்கையை நீட்டினாள்.

"தேவி, மூன்றாவது தேறவில்லை. வெயில் பட்டால் சுடுகிறது. நேற்று நான் சொன்னது பிழை."

நிலைநங்கை விளக்கை நெருக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"உன் சொல் நேற்று ஒன்று, இன்று ஒன்று. எதை நம்புவது?"

"கையை நம்புங்கள், தேவி."

"சூட்டுக்கோலாலும் இப்படிக் கொப்புளம் எழும். நீ மேல்மலை நாட்டுப் பெண். மங்கு நீங்காமல் நான் அவையேறினால் உன் நாட்டுக்கும் மகிழ்ச்சிதானே?"

பூதியிடம் அதற்கு மறுமொழி இருந்தது. படித்துறையில் கேட்டதைச் சொன்னால் போதும். ஆனால் கோளரியின் தலை ஈட்டிமுனையில் கோட்டை வாயிலில் நிற்பதை அவள் மனம் கண்டுவிட்டது.

"வெயிலில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், தேவி" என்று மட்டும் சொன்னாள்.

"இப்போது வானத்தில் இருப்பது நிலவு" என்றாள் நிலைநங்கை. பிறகு காவலரை அழைத்து, கோளரியின் விடுதிக்கு மரியாதைக்காக நால்வரை அனுப்பும்படியும், பூதியை மாடத்திலேயே இருத்தும்படியும் கட்டளையிட்டாள்.

மறுநாள் கதிரவன் எழுந்ததும் கோளரியை நிலாமுற்றத்துக்கு அழைத்து வந்தார்கள். கீழ்த்திசை மாடத்தின் நீண்ட நிழல் முற்றம் முழுவதும் விழுந்திருந்தது. தரையில் பெரிய தாமரைக் கோலம். மேற்கே, கூரை வேய்ந்த மண்டபத்தில் நிலைநங்கை வீற்றிருந்தாள்; அவளுக்குப் பின்னால் பூதி. கோலத்தின் மேற்கோரத்து இதழில் நின்று கோளரி வணங்கினான்.

"மருத்துவரே, ஒரு விருப்பம்" என்றாள் நிலைநங்கை. "இன்று நீரும் என் அம்பாரியில் வரவேண்டும். எனக்குப் பூசும் எண்ணெயை நீரும் பூசிக்கொண்டு வந்தால் மக்களுக்கு நம்பிக்கை பிறக்கும்."

"அடியேன் பெற்ற பேறு" என்றான் கோளரி. பணிப்பெண் ஏந்திய தட்டிலிருந்த கிண்ணத்தில் விரல் தோய்த்து, நெற்றி, கன்னம், மோவாய் என்று துளி விடாமல் பூசிக்கொண்டான். "தேவியை விட அடியேன் அழகாகிவிட்டால் பொறுத்தருள வேண்டும்" என்று சிரித்தான். பணிப்பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள்.

நிலைநங்கை மெல்லத் திரும்பிப் பூதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பூதியின் வலக்கை தானாகவே இடக்கையைப் பற்றிக்கொண்டது. ஒருவேளை தன் கணக்குதான் பிழையோ? படித்துறையில் கேட்டதுகூடக் கனவோ?

"நல்ல ஓரை வர இன்னும் மூன்று நாழிகை இருக்கிறது. நின்றபடியே பேசிக்கொண்டிருக்கலாம்" என்றாள் நிலைநங்கை.

அவள் மலைநாட்டு மூலிகைகளைப் பற்றிக் கேட்டாள். அவன் சுவையாகச் சொன்னான். கதிரவன் ஏறினான். மாடத்தின் நிழல் கிழக்கே சுருங்கத் தொடங்கியது. வெயிலின் விளிம்பு அவன் காலடியைத் தொட்டபோது, கோளரி பேச்சை விடாமல் ஓரடி பின்வாங்கினான். சற்றுப் பொறுத்து விளிம்பு மறுபடி தொட்டது. மறுபடி ஓரடி. அவன் அறிவு அமைதியாக இருந்தது, வாய் சிரித்தது, கால்கள் மட்டும் அஞ்சின. மூன்றாம் முறை நகர்ந்தபோது தட்டேந்தி நின்ற பெண்மீது இடித்துக்கொண்டான்.

"மருத்துவரே" என்றாள் நிலைநங்கை, குரலை உயர்த்தாமல். "நீர் வந்தபோது முதல் இதழில் நின்றீர். இப்போது நான்காவது இதழில் நிற்கிறீர்."

கோளரி குனிந்து கோலத்தைப் பார்த்தான்.

"வெயிலுக்குள் வாரும். பத்தே அடி நடந்து என்னிடம் வாரும்."

கோளரி நிமிர்ந்து பூதியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சினம் இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். மறுகணம் மேலாடையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு, வடக்கு மதிலை நோக்கி ஓடி, கைப்பிடிச் சுவரில் கால்வைத்துப் பாய்ந்தான். வெகு ஆழத்தில் பொருநை ஒருமுறை வாய் திறந்து மூடிக்கொண்டது. காவலர் எய்த அம்புகள் வெறும் நீரில் விழுந்தன.

அமளி கீழே இறங்கி ஆற்றங்கரைக்குப் போனபின், நிலைநங்கை பூதியை அருகே அழைத்தாள்.

"நேற்று மாலை படித்துறையில் அவன் உன்னோடு பேசினானாம். காவலன் கண்டிருக்கிறான். எங்கே கரையேறுவான் என்று உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்து அவள் இதுவரை பொய் சொன்னதில்லை.

"தெரியும், தேவி."

"சொல்."

"சொல்லமாட்டேன்."

நிலைநங்கையின் புருவம் உயர்ந்தது. பூதி மண்டியிட்டாள். "தேவியின் முகத்துக்கு எது ஆகாது என்று சொல்வது என் வேலை. அதைச் சொல்லிவிட்டேன். பிழையாகச் சொன்ன சொல்லுக்கும் சொல்லாத இந்தச் சொல்லுக்கும் சேர்த்து ஒரு கையாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் போனால் எனக்குச் சோறூட்ட இங்கே யாரும் இல்லை."

கீழே சங்கு முழங்கியது. ஒப்பனைப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து, "ஓரை வந்துவிட்டது, தேவி. முகத்துக்கு என்ன பூசுவது? அரண்மனை லேபம் அரைத்திருக்கிறோம்" என்றாள்.

"தண்ணீர் கொண்டு வா."

"அவையோர் மங்கு பற்றி..."

"எல்லையில் இரண்டு கோடை நின்றதற்கு எனக்குக் கிடைத்த விருது அது ஒன்றுதான். ஊர் பார்க்கட்டும். குறை என்பவன் அவையில் எழுந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

முகம் கழுவித் துடைத்துக்கொண்டு, மண்டபத்தின் நிழலைவிட்டு வெளியே முதல் அடி வைத்தாள் நிலைநங்கை. கன்னங்களின் பழுப்புச் சிறகுகள் காலை வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. பூதி மண்டியிட்ட இடத்திலேயே, இடக்கையை முன்னால் நீட்டியபடி இருந்தாள். காவலன் வாளை உருவுவானா என்று பார்க்க அவளுக்குத் துணிவில்லை, கண்களை மூடியிருந்தாள்.

அரசிளங்குமரியின் காலடியோசை நின்றது.

"வெயில் ஏறுகிறது" என்றாள் நிலைநங்கை, திரும்பிப் பாராமலே. "அந்தக் கையை மேலாடைக்குள் மூடிக்கொண்டு என் பின்னால் வா."