வாக்கியத்தில் அமைத்து எழுதுக

அந்த வெள்ளிக்கிழமை மாலை பஹ்ரைனின் குதைபியாவில் மழையும் நுஃமானும் ஒரே வேகத்தில்தான் வந்தார்கள். மழை தெருவோடு நின்றுகொண்டது. நுஃமான் மாடியேறித் தமிழ் வகுப்புக்குள் நுழைந்துவிட்டான். கையில் அக்கா மகள் ஹிஃப்ஸாவின் நோட்டு.

பிள்ளைகள் போயிருந்தார்கள். பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சர் திரும்பினாள்.

அந்தக் கண்கள்... சிரிப்பை வாசல்வரை கூட்டிவந்து, வெளியே விடாமல் நிறுத்திவைத்திருக்கும் கண்கள்... திட்டுவதற்காக அவன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மூன்று வரிகளில் இரண்டு மறந்துபோயின.

"இதுக்கு மார்க் போட்டது நீங்கதானே?"

நஜீஹா டீச்சர் வாங்கிப் பார்த்தாள். 'கிணற்றுத் தவளை: வெளியுலகம் அறியாமல், தன் இடமே உலகம் என்று இருப்பவர்.' கீழே ஹிஃப்ஸாவின் வாக்கியம்: 'எங்கள் நுஃமான் மாமா ஒரு கிணற்றுத் தவளை.' சிவப்பு மையில் பத்துக்குப் பத்து. நட்சத்திரம் வேறு.

"ஆமா... நல்ல வாக்கியம்."

"நான்தான் அந்த மாமா."

"ஓ..." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எழுத்துப் பிழை இல்லையே. எதுக்குக் குறைக்கணும்?"

"கருத்துப் பிழை இருக்கு டீச்சர்! கடல் தாண்டி வந்தவன் நான். ஒன்பது வருஷமா சொந்தக் கடை. குதைபியாவுல என்னைத் தெரியாத ஆளே கிடையாது."

"குதைபியாவுக்கு வெளிய?"

நுஃமான் தொண்டையைச் செருமினான்.

"சரி... கடைசியா எப்போ கடலைப் பார்த்தீங்க?"

யோசித்தான். பஹ்ரைன் ஒரு தீவு. எந்தப் பக்கம் நடந்தாலும் கடல்தான். ஆனால் அவன் நடந்ததில்லை. கடைக்கு மேலே அறை, எதிரே ஊர்க்காரர் மெஸ், பேச்சுத்துணைக்கு ஊர்க்காரர் ஏழு பேர். கடலை அவன் பார்த்தது வந்திறங்கிய விமானத்தின் ஜன்னலில். அதையும் பக்கத்து சீட்டுக்காரர் தலை பாதி மறைத்தது.

"ஒரு மாசம் டைம் குடுங்க. அந்த வாக்கியத்தை உங்க கையாலயே அடிக்க வைக்கிறேன்" என்றான். சட்டை சொட்டச் சொட்ட, தலை மட்டும் நிமிர்ந்து.

அடுத்த வெள்ளி காலை பஸ் ஏறிக் கடலோர ஊரான முஹர்ரக் போனான். மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கு ஒரு சிப்பியோடு வந்து நின்றான். மறுவாரம், மீன்காரர் ஒருவர் அரபியில் எழுதித் தந்த அவன் பெயர். நஜீஹா ஒவ்வொன்றையும் விடைத்தாள்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "போதாது" என்பாள். போதாது என்றால் அடுத்த வாரமும் வரலாம் என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

நான்காவது வெள்ளி அவள் எதையும் வாங்கிப் பார்க்கவில்லை.

"இதுதான் என் கடைசி வகுப்பு. வாப்பாவுக்கு ஷார்ஜாவுக்கு மாற்றல். திங்கக்கிழமை கிளம்புறோம்..."

உள்ளே ஏதோ இடிந்தது. முகத்தில் காட்டினால் அவன் நுஃமான் இல்லையே!

"நல்லது. போயிட்டு வாங்க."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் வேணாம். அந்த நட்சத்திரத்தை நான் அழிக்கவே மாட்டேன்."

அவள் கண்கள் நனைந்திருந்தன. சாக்குச் சொல்ல அன்று மழைகூட இல்லை.

படியிறங்கினான். ஏழாவது படியில் உறைத்தது... குதைபியாவைத் தாண்டத் தெரிந்துகொண்டவனுக்கு இந்த வீம்பைத் தாண்டத் தெரியவில்லையே! திரும்ப ஏறினான். வழக்குக்கு ஆதாரமென்று வாராவாரம் தூக்கிவரும் அதே நோட்டை விரித்து, ஹிஃப்ஸாவின் வரிக்குக் கீழே எழுதி நீட்டினான்.

'நஜீஹாவைப் பார்க்கும்வரை நுஃமான் ஒரு கிணற்றுத் தவளை. இனி அவள் இருக்கும் ஊர்தான் அவன் ஊர்.'

நஜீஹா வெகுநேரம் படித்தாள். இரண்டு வரிக்கு அத்தனை நேரம் ஆகாது.

"கடை?"

"ஷார்ஜாவுல ஷட்டர் போட்ட கடை ஒண்ணு கிடைக்காதா என்ன?"

"உங்க ஊர்க்காரங்க?"

"நல்லா அழுவாங்க. பழகிக்குவாங்க."

சிவப்புப் பேனாவை எடுத்தாள். பத்துக்கு ஐந்து.

"அநியாயம் டீச்சர்! மீதி அஞ்சு?"

"அது வாப்பா போடணும்" என்றாள், நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு. "நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு வீட்டுலதான் இருப்பாங்க... எனக்கு நீங்க எப்பவோ பாஸ்."