சங்குப்பூத் திருடன்

மழை விட்டும் விடாத காலை. லாஸ்பேட்டை வீட்டு வாசலைத் தெளிக்க வந்த இனியா, வாளியோடு அப்படியே நின்றாள். மதில்மேல் ஒரு கை... அம்மா பூஜைக்கென்று பொத்திப் பொத்தி வளர்க்கும் நீலச் சங்குப்பூக்களை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்தது!

வாளித் தண்ணீர் மொத்தமும் மதிலுக்கு அந்தப் பக்கம் போனது.

"ஐயோ!" சொட்டச் சொட்ட ஒரு முகம் எழுந்தது. அந்தக் கண்கள்... சே, திருடனுக்கு எதற்கு இவ்வளவு அழகான கண்கள்?

"பார்த்தா படிச்சவரு மாதிரி இருக்கீங்க. பூ திருடறீங்களே, வெக்கமா இல்ல?"

"திருடலங்க... சாயம் எடுக்கறேன். பக்கத்து வீட்டு அக்காவோட தம்பி நான். இளஞ்செழியன்."

பிரான்ஸில், மார்செய் நகரத்தில் இருக்கிறானாம். ஓவியனாம். கடை வண்ணத்தைத் தொடமாட்டானாம். பூ, இலை, மரப்பட்டை என்று கிடைத்ததை வேகவைத்துத்தான் படம் வரைவானாம். அங்கே எல்லா நிறமும் கிடைத்துவிட்டது, இந்த நீலம் மட்டும்தான்...

மறுநாளிலிருந்து இனியாவே பறித்துக் கொடுத்தாள். "செடி இப்பல்லாம் சரியாவே பூக்கலம்மா" என்று கூசாமல் பொய்யும் சொன்னாள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும், அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

"தினம் மதிலாண்ட வர்றது பூவுக்காகத்தானா?"

அவனுக்கு வியர்த்துவிட்டது. "ஆ... ஆமாங்க."

"அப்ப செடியையே கட்டிக்குங்க!"

அதோடு அவள் மதில் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறான் என்று அவன் அக்கா சொன்னபோதும், "போகட்டும், எனக்கென்ன?" என்றாள். சொல்லிவிட்டு, சாம்பாரில் இரண்டாம் முறை உப்பைப் போட்டாள்.

ஞாயிறு காலை. பக்கத்து வீட்டு வாசலில் ஆட்டோ. மதில்மேல் மறுபடி அந்தக் கை... இந்த முறை ஒரு படத்தை நீட்டியது. அவள் முகம்தான். நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே நீலம்!

"என்னங்க இது, பாம்பு கடிச்ச மாதிரி?"

"சங்குப்பூ நீலத்துல எலுமிச்சம்பழம் பட்டா ரோஸாயிடும்ங்க." அவன் அரைப் பழம் ஒன்றை நீட்டினான். "அன்னிக்கு பயத்துல ஆமான்னுட்டேன். பூவுக்காக வரல... உங்களுக்காகத்தான் வந்தேன். என்னைப் புடிச்சிருந்தா கன்னத்துல ஒரு சொட்டு விடுங்க. இல்லன்னா நீலமாவே இருக்கட்டும்... நான் போயிடறேன்."

அவள் வாங்குவதற்குள் பழம் அவன் கை நழுவிச் சேற்றில் விழுந்தது. இனியா படத்தோடு சமையலறைக்கு ஓடினாள். ஓடிய வேகத்திலேயே திரும்பினாள்.

"ஏண்டி, ரசத்துக்கு நறுக்கி வெச்ச பழத்தை எங்க தூக்கிட்டு ஓடற?" பின்னாலேயே வந்த அம்மா, மதில்மேல் தெரிந்த நீல விரல்களைப் பார்த்தாள். "ஓகோ... செடி பூக்காத கதை இதுதானா?"

இனியா காதில் வாங்கவில்லை. பழத்தைப் படத்தின்மேல் பிடித்துப் பிழிந்தாள். கன்னம், மூக்கு, நெற்றி எல்லாம் ரோஸாகி வழிந்தது. அவளுடைய சொந்த முகமும்தான்.

"ஐயோ, ஒரு சொட்டு போதும்னேனே!"

"எனக்குப் போதாதுங்க," என்றாள் இனியா.