படத்தில் காண்பது அனைத்தும்

வீட்டைத் திறந்தபோது முதலில் வந்தது பேக்கிங் டேப்பின் பசை வாசனை. மூன்று வாரம் பூட்டிக் கிடந்த வீட்டில் தூசி வாசனை வரும், அடைபட்ட காற்றின் வாசனை வரும். எங்கள் வீட்டில் இவை இரண்டுக்கும் முன்னால் அந்தப் பசைதான் வந்து நின்றது. என் மனைவியின் கைகளிலும் அந்த வாசனைதான் இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது.

என் பின்னால் அக்கா அட்டைப்பெட்டிகளோடு நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் எலி.

எலி என் மகள். எட்டு வயது. பிஸ்கட்டை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் கொறிப்பதைப் பார்த்து அவள் அம்மா வைத்த பெயர் அது. பள்ளிக்கூடம் தவிர எல்லா இடத்திலும் அந்தப் பெயர்தான்.

"ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்டா" என்றாள் அக்கா. "எல்லாத்தையும் உன் ஏலத்துல போட்டுடு. நீயும் புள்ளையும் எங்கூட வந்துடுங்க."

சரி என்றேன். அந்த மூன்று வாரமாக யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இது புதிய வேலை இல்லை. இறந்தவர்களின் வீட்டைக் காலி செய்து, சாமான்களைப் படம் எடுத்து, இணைய ஏலத் தளத்தில் விற்பதுதான் என் பிழைப்பு. சாவு விழுந்த வீட்டில் அடுத்த வாரம் கேமராவோடு போய் நிற்பவன் நான். அழுகிற பெண்களைச் சுற்றிக்கொண்டு போய் அலமாரியை அளந்திருக்கிறேன். இந்த முறை அலமாரி என்னுடையது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. பல் பிடுங்கும் முன் போடுகிற, மரத்துப்போக வைக்கும் ஊசி உடம்பு முழுக்க இறங்கிய மாதிரி இருந்தது.

அந்த ஊசி எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன், என் மனைவி உள்ளே கிடக்க, நான் மருத்துவமனை வராந்தாவில் இருந்தேன். கையில் ஃபோன். ஒரு பழைய சுவர்க்கடிகாரத்தின் ஏலம் முடியப் போகும் நேரம். நர்ஸ் கதவைத் திறந்து, "சார், உள்ள வாங்க, உங்களைத்தான் தேடறாங்க" என்றார். "ஒரு நிமிஷம்" என்றேன்.

நான் உள்ளே போனபோது தேடுவதற்கு அங்கே யாரும் இல்லை. இதை நான் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

முன்னறைச் சுவரில் வெள்ளைத் துணி அப்படியே தொங்கியது. தொழிலில் அதுதான் எங்கள் மூலதனம். பொருளுக்குப் பின்னால் வீட்டின் அழுக்குச் சுவர் தெரிந்தால் விலை போகாது. அதற்காக என் மனைவி அந்தத் துணியை ஒரு பக்கம் ஆணியில் மாட்டி, இன்னொரு பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பாள். படத்தில் அவள் வரமாட்டாள். துணியின் ஓரத்தில் நான்கு விரல் மட்டும் வரும். அதை நான் வெட்டிவிடுவேன். ஆள்காட்டி விரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். டேப் வெட்டும் கத்தி ஒருநாள் நழுவியதில் வந்தது, பிறகு சேரவே இல்லை.

அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒருமுறை ஒரு செம்புக் கெட்டிலை விற்றோம். அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் எலியின் கண்ணாடிக் குருவியை வைத்துப் படம் எடுத்திருந்தேன். வாங்கியவர் குருவி எங்கே என்று கேட்டார். நான் அவரோடு மல்லுக்கு நின்றேன். இவள் குருவியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

"படத்துல இருந்துச்சுல்ல? அப்ப அது அவங்களோடதுங்க. குடுத்துதான் ஆகணும்."

எலி இரண்டு நாள் அழுதாள். இவள் அசையவில்லை. அன்றிலிருந்து எங்கள் விற்பனை அறிவிப்பு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வரி இருக்கும்: படத்தில் காண்பது அனைத்தும் சேரும்.

இவ்வளவு நேர்மை பேசியவள் இன்னொன்றும் செய்வாள். எங்கள் பொருளை யாரும் கேட்காவிட்டால், எலியம்மா என்ற பெயரில் தன் கணக்கிலிருந்து அவளே ஏலம் கேட்டு விலையைக் கொஞ்சம் தூக்கிவிடுவாள். கள்ள வேலைதான். "நம்ம பொருளை நாமளே ஆசைப்படக் கூடாதா?" என்று சிரிப்பாள்.

அன்று துணியின் இரண்டு பக்கத்தையும் ஆணியில் மாட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். அவள் சேலைகள், தையல் மெஷின், கைப்பை, குடை. எடுப்பேன், ஏற்றுவேன், அடுத்தது. கை மட்டும் வேலை செய்தது.

கடைசியில் நாற்காலி. தேக்கு, கைப்பிடி வைத்தது. அவள் உட்கார்ந்து பார்சல் கட்டுவது அதில்தான். எலி அதில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிம்மா."

"இது வேணாம்ப்பா. இது மட்டும் விக்க வேணாம்."

"அத்தை வீட்ல இடம் இல்ல எலி."

அவள் எழுந்திருக்கவில்லை. நான் கேமராவை அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்று தெரியவில்லை. எதிரில் பொருள் இருந்தது, அழுத்தினேன். பிறகு அக்கா சாப்பிடக் கூப்பிட எலி இறங்கிப் போனாள். இன்னொரு படம் எடுத்தேன். இரண்டில் எது போயிற்று என்று பார்க்காமலே ஏற்றிவிட்டேன்.

மறுநாள் மதியம் அக்கா தன் ஃபோனைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய், உனக்கு அறிவிருக்கா? நாற்காலியில புள்ள உக்காந்திருக்கு, அப்படியேவா போடுவ?"

வாங்கிப் பார்த்தேன். நாற்காலி. அதில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு எலி. கீழே அந்த வரி: படத்தில் காண்பது அனைத்தும் சேரும்.

அதற்கும் கீழே ஒருவர் ஏலம் கேட்டிருந்தார்.

எலியம்மா.

படத்தைப் பெரிதாக்கினேன். எலியின் தலைக்குப் பின்னால் வெள்ளைத் துணி. அது ஆணியில் மாட்டிய துணி. பிடிக்க ஆள் தேவையில்லாத துணி.

இடது ஓரத்தில் நான்கு விரல்.

ஒரு நகம் நடுவில் பிளந்திருந்தது.

பயந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. பயம் வரவில்லை. ஓரத்தை வெட்ட மறந்துவிட்டோமே என்றுதான் முதலில் தோன்றியது.

"எவனோ அவ ஃபோனைத் திருடி விளையாடுறான்" என்றாள் அக்கா. ஃபோன் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. பேட்டரி உப்பி, மூடி திறந்துகொண்டு, செத்துக் கிடந்தது. அக்கா அதைத் தொட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

விற்பனையை நீக்கப் பார்த்தேன். கடைசி ஒரு நாளில், யாராவது கேட்ட பிறகு, நீக்க முடியாது. படத்தை மாற்றவும் முடியாது. விற்பவர்கள் ஏமாற்றாமல் இருக்க வைத்த விதி. ஒரு நாள் ஏலம்தான் போட்டிருந்தேன், நான்கு மணிக்கு முடியும்.

அக்காவின் கணக்கிலிருந்து கூட்டிக் கேட்டேன். அடுத்த நொடியே, "உங்களை ஒருவர் முந்திவிட்டார்" என்று வந்தது. இன்னும் கூட்டினேன். முந்திவிட்டார். அக்கா எங்கள் மாமாவைக் கூப்பிட்டு அவர் கணக்கிலும் கேட்கச் சொன்னாள். முந்திவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு படி மேலே. அவள் அப்படித்தான் கேட்பாள். வீண் செலவு அவளுக்குப் பிடிக்காது.

அறைக்கு வெளியே நின்று எலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாக வந்து என் காதில் சொன்னாள்.

"அம்மாதான் வாங்குறாங்களாப்பா? அப்ப நாற்காலி நம்மகிட்டயே இருக்கும்ல?"

நான்கு மணிக்கு ஏலம் முடிந்தது. வாங்கியவரிடமிருந்து செய்தி வந்தது.

நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்றே அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். நாற்காலியை வெறும் அறையில் துணிக்கு முன்னால் வைத்துப் பூட்டினேன். துணியைக் கழற்ற அக்காவும் தொடவில்லை, நானும் தொடவில்லை. இரண்டு பூட்டு போட்டுச் சாவிகளை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பகல் பதினோரு மணிக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன். பூட்டுகள் பூட்டியபடியே இருந்தன. உள்ளே பசை வாசனை மூச்சை அடைத்தது, இப்போதுதான் யாரோ டேப் கிழித்து ஒட்டி முடித்த மாதிரி. தரைத் தூசியில் நாற்காலிக் கால்களின் நான்கு தடம் இருந்தது.

நாற்காலி இல்லை.

இழுத்த தடமும் இல்லை. ஃபோன் ஒலித்தது.

நாற்காலி கிடைத்தது. படத்தில் இருந்த இன்னொன்று வரவில்லை.

அந்த வெறும் அறையில் நின்றுகொண்டு, எந்த வாடிக்கையாளருக்கும் எழுதுவதையே எழுதினேன். தவறுக்கு வருந்துகிறோம். அது விற்பனைக்கு உரியது அல்ல. பதிலாக அதே மதிப்புள்ள வேறு பொருள் தரலாமா?

பிறகு கேமராவை என் பக்கம் திருப்பினேன். வெள்ளைத் துணிக்கு முன்னால், நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்து என்னைப் படம் எடுத்தேன். பன்னிரண்டு வருடத்தில் அந்தத் துணிக்கு முன்னால் நான் வந்த முதல் படம். அனுப்பினேன். என்னை எடுத்துக்கொள் என்று எழுதவில்லை, அவளுக்குப் புரியும். அப்போதுதான் அழுகை வரும் என்று நினைத்துக் காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

பதில் வந்தது.

படத்தில் இல்லாதது வேண்டாம்.

வாசலுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். எலி எங்கே என்றேன்.

"பள்ளிக்கூடத்துலடா. எங்க போவா? நீதான காலையில விட்ட?"

நடந்தேன், ஓடினேன், மறுபடி நடந்தேன். பள்ளி வாசலை அடைந்தபோது பன்னிரண்டுகூட ஆகவில்லை. மாலை மணி அடித்தால்தான் கதவைத் திறப்பார்கள். அதுவரை எதிர்ச் சுவரோரம் நின்றேன். வெயில் நகர்ந்தது. ஐஸ் விற்பவர் இரண்டு முறை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் கொட்டினார்கள். கூட்டத்தின் நடுவில் எலி வந்தாள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். சூடான, பிசுபிசுத்த, எட்டு வயதுக் கை. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக எனக்கு எதையோ தொட்ட உணர்வு வந்தது. அழுகை வரப் பார்த்தது.

அப்போதுதான் அவள் தலையைப் பார்த்தேன். காலையில் நான் கோணலாகப் போட்ட குதிரைவால் இல்லை. இரண்டு பின்னல், இறுக்கமாக, நுனியை மடித்துக் கட்டியிருந்தது.

"யாரும்மா பின்னிவிட்டா?"

எலி தன் இன்னொரு பக்கம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்தப் பக்கக் கை சற்றே உயர்ந்திருந்தது. விரல்கள் வளைந்திருந்தன, எதையோ பிடித்திருப்பது போல.

அந்தப் பக்கம் யாரும் இல்லை. பசை வாசனை மட்டும் வந்தது.

"அப்பா, நம்ம வீட்டுக்குப் போலாம். அத்தை வீட்டுக்கு வேணாம்."

"எலி, அந்தக் கையை விடு."

"வாங்கப்பா. நேரமாச்சாம்."

சட்டைப்பையில் ஃபோன் ஒலித்தது.

இதை எழுதும்போதும் நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் வலது கையை. அது என்னைக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம். ஒலித்ததும் எலியின் கையை விட்டு ஃபோனுக்குப் போயிற்று. போகும்போது என் வாயும் சொன்னது.

"ஒரு நிமிஷம், எலி."

திரையில் இருந்தது இவ்வளவுதான்: பெற்றுக்கொண்டேன். விவரித்தபடியே இருந்தது. ஐந்து நட்சத்திரம்.

நான் நிமிர்ந்தபோது நடைபாதையில் ஐஸ் விற்பவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

போலீஸ் தேடியது, இன்னும் தேடுகிறது. ஐஸ் விற்பவர், நான் அன்று தனியாகவே நின்று பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். பள்ளியில், அன்று எலியை அவள் அம்மா மதியமே வந்து கூட்டிப்போனதாகப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. அக்கா என்னோடு பேசுவதில்லை.

எனக்கு மறுபடியும் மரத்துப்போய்விட்டது. ஊசி இந்த முறை ஆழமாக இறங்கியிருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தினமும் ஒருமுறை ஏலத் தளத்தைத் திறந்து முடிந்துபோன அந்த விற்பனையைப் பார்க்கிறேன். படம் இன்னும் இருக்கிறது. அதில் இப்போது நாற்காலி மட்டும்தான், காலியாக.

பின்னால் வெள்ளைத் துணி, நன்றாக இழுத்துப் பிடித்திருக்கிறது. இடது ஓரத்தில் நான்கு விரல்கள், ஒரு நகம் பிளந்தது.

வலது ஓரத்தில், கொஞ்சம் கீழே, நான்கு சின்ன விரல்கள்.