தொப்பியைக் கழற்றினால் பீரங்கி

எனக்குப் பயமே கிடையாது என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

கரப்பான் பூச்சியைக் கையால் பிடிப்பேன். பனியில் வழுக்கி விழுந்தாலும் அழ மாட்டேன். இதையெல்லாம் பார்த்துத்தான் எங்கள் ஐந்தாம் வகுப்பு ரீச்சர் மடாம் அக்னெஸ், நாடகத்தில் பெரிய வேடத்தை எனக்குத் தந்தார். அது 2008ஆம் ஆண்டு, மாசி மாதம்.

நானூறு வருடங்களுக்கு முன் லண்டனில் நாடகம் எழுதிப் பெரிய பெயர் எடுத்த ஒருவரின் கதை அது. அவருடைய பெயரைச் சொல்லப் போனாலே எனக்கு நாக்குச் சுளுக்கிவிடும். அவருடைய அப்பா கையுறை செய்து விற்றவராம். அதனால் நானும், வகுப்பில் தமிழ் பேசும் மற்ற ஒரே ஆளான வலன்ரைனும், அவரைக் ‘கையுறை ஐயா’ என்றே சொன்னோம்.

“அந்தக் காலத்தில் பெண் வேடத்தையும் ஆண்பிள்ளைகள்தான் போட்டார்கள். இப்போது நாம் மாற்றிச் செய்வோம். தக்ஷினி, ஐயா நீதான்!” என்றார் மடாம். அவர் பேசியது பிரெஞ்சில். உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன்.

காகிதத்தை மடித்து மடித்துச் செய்த கழுத்துப்பட்டி, கரியால் வரைந்த தாடி, இறகு வைத்த தொப்பி. கண்ணாடியில் பார்த்தேன். அச்சு அசல் எங்கள் தங்கராசா மாமாதான்!

மடாமுக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. அந்தக் காலத்து நடிகர்களுக்கு முழு நாடகத்தையும் எழுதிக் கொடுக்க மாட்டார்களாம். அவரவர் வசனம் மட்டும் ஒரு காகிதச் சுருளில் இருக்கும். அதற்கு முன் பேசுகிறவரின் கடைசி இரண்டு மூன்று சொற்களும் இருக்கும். அது காதில் விழுந்ததும் நாம் பேச வேண்டும்.

“நாமும் அப்படியே செய்வோம். ஒருவர் சுருளை மற்றவர் பார்க்கக் கூடாது” என்றார் மடாம்.

அதனால் நாடகத்தில் என்ன நடக்கப் போகிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே குதூகலம். எனக்கும்தான், செவ்வாய்க்கிழமை ஒத்திகை வரை.

என் சுருளின் கடைசியில், “ராஜா வந்துவிட்டார்” என்ற சொற்களும், அதற்குக் கீழே, “ஐயோ, கூரையில் தீ!” என்ற என் வசனமும் இருந்தன. ஒருவன் “ராஜா வந்துவிட்டார்” என்று கத்தினான். எல்லாரும் கைதட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன்.

டமார்!

பிறகு பார்த்தால், நான் மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். எப்படிப் போனேன் என்று சத்தியமாகத் தெரியாது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தேன். மட்டக்களப்பில் ஷெல் விழும்போது அம்மா எங்களுக்குப் பழக்கியது அப்படித்தான். நாங்கள் மொன்றியலுக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. அது என் உடம்புக்கு இன்னும் தெரியவில்லை.

வகுப்பே சிரித்தது. திரைக்குப் பின்னாலிருந்து வலன்ரைன் ஒரு பெரிய தடியோடு எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு நீலத் தகரப் பீப்பாய். துறைமுகத்தில் வேலை செய்யும் அவனுடைய அப்பா கொண்டுவந்து கொடுத்ததாம்.

“எப்பிடி என்ர பீரங்கி? உனக்குப் பயமே இல்லையெண்டு சொன்னனியெல்லோ?” என்றான்.

“பயமோ? சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திட்டு. கட்டத்தான் குனிஞ்சனான்” என்றேன்.

மடாம் விளக்கம் சொன்னார். ஐயாவின் நாடகம் ஒன்றில் ராஜா வரும்போது உண்மையாகவே பீரங்கியை வெடிக்க வைத்தார்களாம். பொறி பறந்து வைக்கோல் கூரை பற்றிக்கொண்டது. அரங்கமே எரிந்துபோனது. எல்லாரும் தப்பிவிட்டார்கள். ஒருவருடைய காற்சட்டையில் மட்டும் தீப்பிடிக்க, அதைப் பியர் ஊற்றி அணைத்தார்களாம்.

“நாம் ஆப்பிள் சாறு ஊற்றுவோம்” என்றார் மடாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் அந்தப் பீப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை இன்னும் மோசம். சத்தம் ஒருமுறை கைதட்டும்போதே வந்தது. மறுமுறை கைதட்டல் ஓய்ந்து, ‘அப்பாடா’ என்று நான் மூச்சுவிட்ட பிறகு வந்தது. எப்போது வரும், எப்போது வரும் என்று காத்திருந்தே என் வசனமெல்லாம் மறந்துபோனது.

வியாழக்கிழமை மடாம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கஷ்டமாக இருந்தால் வேடத்தை வேறு யாருக்காவது கொடுக்கலாம். சனிக்கிழமை நாடகம். நாளைக்குச் சொல்.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. தொப்பியை யாருக்கும் கொடுக்க மனமில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கவும் தைரியமில்லை.

“என்ன புள்ள, சோறு அப்படியே கிடக்கு?” என்றார் அம்மா, வீட்டில்.

“பசிக்கல்லம்மா.”

அம்மாவிடம் சொல்லவில்லை. கதவு படாரென்று சாத்தினால் அம்மாவுக்கே கை நடுங்கும்.

அப்போது தெருவில் ஊதல் சத்தம் கேட்டது. பனி அள்ளும் வண்டிகள் வருமுன், நிறுத்தியிருக்கும் கார்களை எடுக்கச் சொல்லி நாங்கள் இருந்த மொன்றியல்-நோர் பகுதியில் அப்படித்தான் ஊதுவார்கள். என் தங்கச்சி கிளி, நாலு வயது, யன்னலடிக்கு ஓடினாள்.

“அக்கா, இப்ப டமார் வரும்!” இரண்டு காதையும் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். வண்டியின் இரும்புத் தகடு தெருவில் டமார் என்று விழுந்தது. கிளி கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. பலூன் வெடித்தாலே அழுகிறவள் அவள்! இதற்கு மட்டும் ஏன் பயப்படவில்லை? வரப்போவது அவளுக்கு முன்பே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை நேரே வலன்ரைனிடம் போனேன்.

“வலன், சப்பாத்துக் கயிறு பொய். எனக்கு அந்தச் சத்தம் பயம். சரியான பயம்.”

“தெரியும். உன்ர சப்பாத்தில கயிறே இல்லையே” என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். “எங்கட அம்மாவும் பட்டாசு வெடிச்சா குசினிக்குள்ள, அடுப்படியில போய் இருந்திடுவா. அவ திருகோணமலை. நான் அதை நினைக்கேல்ல.”

அவனுடைய சுருளைக் காட்டினான். ‘கைதட்டல். அடி.’ அவ்வளவுதான்! கைதட்டல் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்?

“கைதட்டலை விடு. நான் தொப்பியைக் கழற்றினாத்தான் நீ அடிக்க வேணும்” என்றேன்.

“திரையில ஒரு ஓட்டை கிடக்கு. அதுக்குள்ளால பாக்கிறன்.”

மடாம் கேட்டுவிட்டு, தன் கையாலேயே அவனுடைய சுருளைத் திருத்தினார். அன்றைய ஒத்திகையில் தொப்பியைக் கழற்றினேன். டமார்! உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. ஆனால் கால் நின்ற இடத்திலேயே நின்றது. “ஐயோ, கூரையில் தீ!” என்றேன். குரல் மட்டும் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

சனிக்கிழமை மண்டபம் நிறையச் சனம். டோர்வல் விமான நிலைய வேலை முடிந்து, அப்பா சீருடையோடு வந்திருந்தார். முன்வரிசையில் அம்மா. அவருடைய மடியில் கிளி. நாடகம் நன்றாகத்தான் போனது. “ராஜா வந்துவிட்டார்!” எல்லாரும் கைதட்டினார்கள். திரை ஓட்டையில் வலன்ரைனின் கண் தெரிந்தது. நான் தொப்பியைத் தொட்டேன்.

அப்போதுதான் அம்மாவின் கையைப் பார்த்தேன். அது சும்மா கிளியின் வயிற்றில் கிடந்தது. அம்மாவிடம் சுருள் இல்லை. கிளியிடமும் இல்லை. என்ன வரப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு இப்போது செவ்வாய்க்கிழமையை விடப் பயமாக இருந்தது. நாடகத்தை நிறுத்தினால் மடாம் என்ன சொல்வார்? எல்லாரும் சிரிப்பார்களே!

சிரிக்கட்டும். மேடை விளிம்புக்குப் போனேன். முதலில் பிரெஞ்சில் சொன்னேன். பிறகு தமிழில் சொன்னேன்.

“இப்ப ஒரு பெரிய சத்தம் வரும். வலன்ரைன் தகரப் பீப்பாயில அடிப்பான். வேற ஒண்டும் இல்ல. நான் தொப்பியைக் கழட்டினாத்தான் வரும். பயமெண்டா காதைப் பொத்துங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. முதலில் மடாம் காதைப் பொத்தினார். பின்வரிசையில் வலன்ரைனின் அம்மா பொத்தினார். பிறகு மண்டபம் முழுவதும் பொத்தியது. கிளி மட்டும் தன் காதை விட்டுவிட்டு, திரும்பி, அம்மாவின் காதுகளைப் பொத்தினாள்.

கழற்றினேன்.

டமார்!

யாரும் மேசைக்குக் கீழே போகவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அக்கா, இன்னொருக்கா!”

மண்டபமே சிரித்தது. காற்சட்டையில் தீப்பிடிக்க வேண்டியவன் ஆப்பிள் சாற்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி, ஓம் என்று தலையாட்டினார்.

நான் தொப்பியைத் திரும்பப் போட்டேன். கழற்றினேன்.