ட்ரிக்ஸிக்கு ஏற்றிய தண்ணீர்

அன்று பூனை தானாக வந்து துண்டில் படுத்துக்கொண்டது. ஆஞ்சலாவுக்கு முதலில் நெருடியது அதுதான். சலைன் பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் பதுங்கிக்கொண்டு, கையை நீட்டினால் பிறாண்டி ரத்தம் பார்த்துவிடும் கிழட்டுப் பிடிவாதக்காரி ட்ரிக்ஸி. இன்றைக்கோ, கட்டிலுக்கடியில் துண்டை விரித்ததுதான் தாமதம், இருட்டிலிருந்து நகர்ந்து வந்து அடங்கிவிட்டது.

வெளியே மர்பி டவுன் முழுக்க மழை. கரண்ட் போய், பொழுது சாய்வதற்குள் அறை இருண்டிருந்தது. அதற்காக சலைன் ட்ரிப்பைத் தள்ளிப்போட முடியுமா? கிட்னி கெட்டுப்போன பூனைக்குத் தோலுக்கடியில் தினமும் இந்தத் தண்ணீர் ஏறினால்தான் உயிர். காலைக்குள் தேறாவிட்டால் ஒரேயடியாக ஊசி போட்டு முடித்துவிடப்போவதாகத் தம்பி கிளிஃபர்ட் வேறு கறாராகச் சொல்லிவிட்டான். அவனுக்கு ட்ரிக்ஸி என்றாலே வேப்பங்காய். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அக்காவைத் தேடி வரும் ஜீவன் அது ஒன்றுதான் என்பது அவனுக்கு எங்கே புரியப்போகிறது!

கால்நடை டாக்டர் வீணா சொல்லிக்கொடுத்தபடி, ஊசி கண்ணில் படாமல் அதைத் தலையோடு சேர்த்துத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கனத்தது. எலும்பும் தோலுமாகிவிட்ட பூனை எப்படி இப்படிக் கனக்கும்? பிடரிப் பக்கம் துண்டை விலக்கித் தடவினாள். முடி சொதசொதவென்று ஈரம். தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்திருக்கும், பாவம். தோலைக் கிள்ளித் தூக்கி ஊசியைச் செருகினாள். துள்ளவில்லை. முனகக்கூட இல்லை.

"அவ்ளோதான்டி ராஜாத்தி. என்ன விட்டுட்டு மட்டும் போயிடாத."

துண்டுக்குள்ளிருந்து குர்ரென்ற சத்தம் எழுந்தது. ட்ரிக்ஸி அப்படிச் சந்தோஷமாகச் சத்தமிட்டுப் பல வருஷமாகிறது. பிழைத்துக்கொள்ளும், கட்டாயம் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் வாடை சரியில்லை. நோய் வந்த நாளிலிருந்து அதன் வாயில் அடிக்கும் மூத்திர நெடியைக் காணோம். சாக்கடை மூடியைத் திறந்தது போல, சில்லென்ற சேற்று வாடை. சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டிய சலைன் கம்பியாக இறங்கியது. எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைக்க வேண்டிய தோல் புடைக்கவே இல்லை. இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?

பாட்டில் காலியாகப்போகிறது.

குழாயின் திருகை மூடினாள். குர்ரென்ற சத்தம் நின்றது. துண்டுக்குள்ளிருந்து ஏதோ அவள் தொடையை அழுத்தியது. பூனைப் பாதத்தின் மெத்தென்ற தொடுகை இல்லை. நீளமாக இருந்தது.

"அக்கா!" பாத்ரூம் பக்கமிருந்து கிளிஃபர்ட் கத்தினான். "ஒரே பேஜாரு உன்னால! இங்கெல்லாம் நாறடிச்சு வெச்சிருக்கு. வந்து கழுவு!"

"எது?" மடியை அசைக்காமல் கேட்டாள்.

செல்போன் வெளிச்சத்தோடு அவன் அறை வாசலில் வந்து நின்றான். மறுகையில், பிடரியைப் பிடித்துத் தூக்கிய நிலையில், எலும்பும் தோலுமாக ட்ரிக்ஸி.

"வேற எது, உன் மகாராணிதான். வாஷிங் மெஷின் பின்னால போயி..."

பாதியில் நிறுத்தினான். வெளிச்சம் அவள் மடிக்கு இறங்கியது. ட்ரிக்ஸி மடியைப் பார்த்துச் சீறியது. அவன் பிடி நழுவியது. விழுந்த பூனை, இத்தனை நாள் எங்கே வைத்திருந்ததோ அந்த வேகத்தை, கூடத்தைத் தாண்டி ஓடிப்போனது.

"கிளிஃபி... இத எடுடா. எடுத்துடுடா, ப்ளீஸ்."

அவன் எடுக்கவில்லை. துண்டையே பார்த்தபடி பின்னால் நகர்ந்தான். கதவு அறைந்து மூடியது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

"அடப்பாவி! தொறடா!"

ஓடும் காலடிச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

இருட்டு. மழை. மடியிலிருந்த கனம் மெல்லப் புரண்டது. அவள் பக்கமாக. துண்டு தளர்ந்தது. அவள் தளர்த்தவில்லை. ஈர விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றி, தோள்வரை ஏறி, முகத்தை ஆசையோடு ஏந்திக்கொண்டன.

நிறைய விரல்கள்.